பழைய மாருதி 800: உடைந்த எக்சாஸ்ட் பைப்பை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

சத்தம் கூடிவிட்டது என்றதும் சைலன்சரை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம். முதலில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது. ஸ்டார்ட் செய்துவிட்டு, பின்னால் ஒருவர் தடித்த ஈரத்துணியால் பைப்பின் வாயை ஓரிரு விநாடி அடைக்கட்டும். மற்ற இடமெல்லாம் சரியாக இருந்தால் எஞ்சின் திணறி நிற்கப் பார்க்கும். திணறாமல் ஓடினால் வழியில் எங்கோ காற்று போகிறது. அடியில் 'புஸ்' என்று கேட்கும் இடம்தான் ஓட்டை. கண்ணுக்கும் தெரியும்: ஃபிளாஞ்சு (இரண்டு துண்டைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டை முகம்) ஓரத்தில் விசிறி விரித்தாற்போல் கரி படிந்திருக்கும்.

எஞ்சினிலிருந்து புகையைத் திரட்டிப் பைப்புக்கு விடும் வார்ப்புதான் மேனிஃபோல்டு. அதன் பேக்கிங் போயிருந்தால் அடையாளம் வேறு. 'டிக் டிக்' என்று டாப்பெட் (எஞ்சின் வால்வை இயக்கும் பாகம்) சத்தம் மாதிரியே வரும். ஐந்து நிமிடத்தில் இரும்பு சூடேறி விரிந்ததும் அடங்கிவிடும். இதைக் கேட்டுவிட்டு டாப்பெட் அட்ஜஸ்ட் செய்து காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

எங்கே உடைந்தது என்பதைவிட, ஏன் உடைந்தது என்பதுதான் முக்கியம். பைப் இரண்டு விதமாகப் போகும். ஒன்று, துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வர வேண்டும். கடைத்தெரு வரை போய்த் திரும்பும் வண்டியில் சைலன்சர் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ஆவி உள்ளேயே தண்ணீராகி, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்து தின்னும். எஞ்சினிலிருந்து தள்ளி இருப்பதால் கடைசிப் பெட்டிதான் முதலில் போகும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும். இரண்டாவது, விரிசல். பைப் நல்ல கனமாக இருந்தும் வெல்டிங் ஓரமாகச் சுற்றிக் கீறியிருந்தால், பைப்பின் மேல் பழி போடாதீர்கள். பைப்பைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பரையும் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கையும் பாருங்கள்.

*

மேலே சொன்ன மவுண்டிங் விஷயத்துக்கு இரண்டு வரி. 800-ல் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர், குறுக்காக வைத்த எஞ்சின். ஐடிலில் ஆடுவது அதன் பிறவிக் குணம். ஆக்சிலரேட்டர் அழுத்தும்போதும் விடும்போதும் எஞ்சின் முன்னும் பின்னும் சாயும், பைப் காரோடு தொங்கிக்கொண்டிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் அசைவைத் தாங்குவது ரப்பரும், ஸ்பிரிங் போல்ட் போட்ட ஜாயின்ட்டும்தான். ரப்பர் ஒன்று அறுந்தாலும் அந்தப் பாரம் அடுத்த வெல்டிங்கில் போய் உட்காரும். பலரும் செய்யும் தவறு, ரப்பருக்குப் பதில் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவது. அன்றைக்குச் சத்தம் நிற்கும், சில மாதத்தில் பைப் கீறும். இதைவிட மோசமானது, லீக் ஆகிறது என்று ஸ்பிரிங் ஜாயின்ட்டையே சுற்றி வெல்டிங் வைத்துவிடுவது. அசைய வழியில்லாமல் கடைசியில் வார்ப்பு இரும்பு மேனிஃபோல்டு வெடிக்கும்.

பைப் மாற்றும்போது ரப்பர் எல்லாமே புதிது போடுங்கள். விலை மிகக் குறைவு. பழைய ரப்பரை விரலால் வளைத்தால் ஓரத்தில் பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

*

கழற்றுகிற வேலைதான் பாதி நாளைத் தின்னும். போல்டைத் தொடுவதற்கு முந்தின நாள் ராத்திரியே கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் அடிச்சு ஊற விடணும். காலையில் இன்னொரு தடவை. ஓபன் ஸ்பேனர் வேண்டாம், அறுமுனை சாக்கெட்தான் போடணும். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடிச்ச தலையை வழுக்கி உருட்டிடும். 8 மி.மீ. போல்டுக்கு 12 நம்பர், 10 மி.மீ. போல்டுக்கு 14 நம்பர் பிடிக்கும். நட்டு துருவில் தேய்ஞ்சு போயிருந்தா ஒரு சைஸ் சின்னதைச் சுத்தியால் தட்டி ஏத்தணும்.

அசையலைன்னா முதல்ல கொஞ்சம் இறுக்கிப் பாருங்க. 'டக்'னு ஒரு சத்தம் வரும், அப்பதான் துரு விட்டுச்சுன்னு அர்த்தம். அப்புறம் கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றணும். ஒரே மூச்சில் இழுத்தா ஸ்டட் (நட்டு ஏறுற தலையில்லாத போல்ட்) முறியும். அதுக்கும் மசியலைன்னா கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சூடு பண்ணணும், ஸ்டட்டை இல்ல. எண்ணெய் அடிச்ச உடனே டார்ச் பிடிக்கக் கூடாது, பத்திக்கும். பக்கத்துல பெட்ரோல் லைன், பிரேக் பைப், ரப்பர் பூட் இருந்தா டார்ச்சைத் தொடவே வேண்டாம். நட்டை உளியால் பிளந்துடலாம், இல்ல ஹேக்ஸா பிளேடால் அறுத்துடலாம். போல்ட் போனா போகட்டும், எப்படியும் புதுசுதான் போடப் போறோம்.

மேனிஃபோல்டு ஸ்டட் முறிஞ்சா வேற கதை. 8 மி.மீ. × 1.25 மரைன்னா 6.8 மி.மீ. டிரில் போட்டு, அப்புறம் டேப்பால் புது மரை வெட்டணும். நடு சென்டர் தப்பினா வார்ப்பு கெட்டுடும். கை நடுங்கும்னா மேனிஃபோல்டைக் கழற்றி லேத்துக்கு எடுத்துட்டுப் போறது நல்லது.

வண்டியைத் தூக்கி நிறுத்த செங்கல், ஹாலோ பிளாக் வைக்காதீங்க. பாரம் ஏறினா சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும். ஸ்டாண்டு வைங்க, இல்ல பிட் இருக்குற இடத்துக்குப் போங்க.

*

புதுப் பைப்பா, பட்டறையில் வெல்டிங்கா? தகடு கனமாக இருந்து, ஒரே இடத்தில் கீறல் என்றால் வெல்டிங் போதும். துருவால் மெலிந்த இடத்தில் பேட்ச் அடித்தால் பேட்ச் நிற்கும், அதைச் சுற்றியுள்ள தகடு உதிரும். பட்டறைக்கு ரெண்டாவது தடவை போகிற காசில் புதிய துண்டே வந்துவிடும்.

வெல்டிங் என்று முடிவானால் கேஸ் வெல்டிங் அல்லது சிஓ2 கேளுங்கள். ஒரு மி.மீ. சொச்சம் தடிமன் உள்ள குழாயில் ஆர்க் ராடு வைத்தால் ஓட்டையை அடைப்பதற்குப் பதில் பெரிதாக்கும். வண்டியில் வைத்தே வெல்டிங் செய்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். MPFI வண்டியில் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெட்ரோல் தெளிக்கும் மாடல்) ஈசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் கனெக்டரையும் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்ப் வெல்டிங் செய்யும் பைப்பிலேயே, பக்கத்திலேயே மாட்ட வேண்டும். வேறெங்கோ பாடியில் மாட்டினால் கரன்ட் வீல் பேரிங் வழியாகப் போய் உள்ளே குழி விழ வைக்கும். பெட்ரோல் டேங்க் அருகில் என்றால் வண்டியில் இடம் பிசகாமலிருக்க ஓரிரு வெல்டிங் பொட்டு மட்டும் வைத்து, கழற்றிக் கீழே எடுத்து முழு வெல்டிங் போடுவதே முறை.

துண்டு ஒட்டச் சில இடங்களில் வீட்டுத் தண்ணீர் ஜிஐ பைப்பை எடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துத்தநாகப் பூச்சு எரியும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் வெல்டருக்கே அன்று ராத்திரி குளிர்க் காய்ச்சல் வரும்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய சைலன்சர் வாங்குபவர்கள் அதைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகல என்றால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது. பெட்டியின் அடியில் ஊசி அளவில் ஒரு துளை இருக்கும். துரு ஓட்டை என்று அதை அடைத்துவிடாதீர்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே விட்ட துளை அது.

*

MPFI மாடல் வைத்திருப்பவர்களுக்கு. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சருக்கு முன்னால் சின்ன லீக் இருந்தாலும் அது வெறும் சத்தப் பிரச்சினை இல்லை. புகை விட்டு விட்டு வெளியேறுவதால், இடைவெளியில் வெளிக் காற்று உள்ளே இழுபடும். சென்சர் அதைப் பார்த்து 'பெட்ரோல் குறைவு' என்று சொல்ல, ஈசியூ கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறையும், பிளக் கருக்கும். பைப்பைச் சரிசெய்யாமல் சென்சரை மாற்றிப் பயனில்லை.

சென்சரைக் கழற்ற 22 நம்பர், ஒயருக்கு வழிவிடும் வெட்டுள்ள சாக்கெட். முதலில் கனெக்டரைப் பிரியுங்கள், இல்லாவிட்டால் ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். திரும்பப் போடும்போது மரையில் மட்டும் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிப் பிடிக்காமலிருக்கத் தடவும் பசை), முனையில் ஒரு பொட்டு கூடப் படக்கூடாது. ஜாயின்ட்டில் சாதாரண சிலிக்கான் தடவுவதும் தப்பு. அது அந்தச் சூட்டில் நிற்காது, அதன் ஆவி சென்சரையும் கெடுக்கும்.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு நேர்ப் பைப் போட்டால் 'பிக்கப் கூடும்' என்பார்கள். கேட்காதீர்கள். அது சட்டப்படி தவறு, புகைப் பரிசோதனையிலும் மாட்டும். கழற்றிய கன்வர்ட்டரில் பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது. யோசனை சொல்பவர் அதை ஏன் தன்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார் என்பதையும் யோசியுங்கள்.

*

இனி, மாட்டும் வரிசை. எல்லாத் துண்டையும் முதலில் ரப்பரில் தொங்கவிட்டு, போல்டெல்லாம் விரலால் மட்டும் இறுக்க வேண்டும். பழைய பேக்கிங் ஒட்டியிருந்தால் சுரண்டி, முகத்தை எமரித் தாளால் தேய்த்துப் புதுப் பேக்கிங் வைக்க வேண்டும். பிறகு பைப்பைக் கையால் ஆட்டி, பாடியிலிருந்து எல்லா இடத்திலும் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டு போல்ட் ஃபிளாஞ்சில் மாற்றி மாற்றி இறுக்காவிட்டால் முகம் கோணும், புதுப் பேக்கிங்கிலும் லீக் வரும். ஸ்பிரிங் போல்டு அதன் தோள் உட்காரும் வரைதான். ஸ்பிரிங்கை நசுக்கிவிட்டால் அந்த ஜாயின்ட் இருந்தும் இல்லாததுதான்.

ஸ்டார்ட் செய்து சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், ஜாயின்ட் சூடேறுவதற்குள். ஒரு குமிழி வந்தாலும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். லீக் ஆகும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டு, அதற்கு வாசனை கிடையாது. பழைய 800-ல் தரைத் தகடும் துருப்பிடித்திருக்கும், ஓட்டை இருந்தால் புகை வண்டிக்குள் வரும். கால்மிதியைத் தூக்கி அதையும் பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் குளிர்ந்த எஞ்சினில் போல்டுகளை ஒரு சுற்று சரிபார்க்க வேண்டும்.

புதுப் பைப்பில் பூசிய எண்ணெயும் பெயின்ட்டும் முதல் இருபது நிமிடம் புகைந்து நாறும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அரை மணி கழித்தும் நிற்காமல், அதுவும் ரப்பர் கருகும் வாடையாக இருந்தால், உடனே எஞ்சினை அணைத்துவிட்டு அடியில் பாருங்கள். பிரேக் ஹோஸோ ஒயரோ பைப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்.