ரெண்டு அப்ரூவல் இல்லாமல் மெர்ஜ் கிடையாதா?

பனியன் கோடர்:
திருப்பூர் கம்பெனிகளுக்கு பில்லிங், ஜாப் ஒர்க் கணக்கு மென்பொருள் செய்கிற சின்ன டீம்ங்க, ஆபீஸ் கோவை சரவணம்பட்டியில். எந்தப் புல் ரிக்வெஸ்டும் (கோடில் செய்த மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது) ரெண்டு பேர் படித்து அப்ரூவ் செய்தால்தான் மெர்ஜ், அதாவது மெயின் கோடில் சேரும். ஒரு பட்டன் பெயரை மாற்றினாலும் அதே கதை. எல்லாம் தேங்கிக் கிடக்கிறது. ரெண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து கோட் எழுதும் பேர் புரோகிராமிங்குக்கு மாறி, இந்த ரிவ்யூவை எடுத்துவிடலாமா?

நொய்யல்கரை:
வேண்டவே வேண்டாங்க. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியது ஞாபகம் இருக்கும். அதுவரை ரெடிமேட் துணிக்கு பீஸ் 1,000 ரூபாய் வரை 5%, மேலே 12%. இப்போது 2,500 வரை 5%, தாண்டினால் 18%. எங்கள் தம்பி ஒருத்தர் ‘2,500-க்குக் குறைவாக இருந்தால் 5%’ என்று கண்டிஷன் போட்டிருந்தார். சரியாக 2,500 ரூபாய்ச் சட்டைக்கு 18% விழுந்திருக்கும். டெஸ்டில் இருந்த விலைகள் 2,000, 3,000 மட்டும், அதனால் எல்லாம் பச்சை, பாஸ். ரிவ்யூவில்தான் மாட்டியது.

அந்தியூர்க்காரன்:
பிடித்தது ஒருத்தர்தானே அண்ணா? ரெண்டாவது ஆள் ‘எல்ஜிடிஎம்’ (பார்த்தேன், சரியாக இருக்கிறது) போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் விடுவதுதான் நடக்கிறது. பனியன் கம்பெனியில் இன்லைன் செக்கிங் எதற்கு வைத்திருக்கிறார்கள்? பேக்கிங் வரை போய்ப் பிரிக்காமல் மெஷின்கிட்டயே தையலைப் பிடிக்கத்தான். பக்கத்தில் ஒருத்தர் இருந்தால் ‘2,500 சேருமா, சேராதா’ என்று அடிக்கும்போதே கேட்டிருப்பார்.

நொய்யல்கரை:
எங்கே கேட்பார்? சீனியர் அடிக்க, ஜூனியர் ‘சரிங்ணா, சரிங்ணா’ என்று தலையாட்டுவார். தனியாக உட்கார்ந்து படிக்கும்போதுதான் சந்தேகமே வரும். சேர்ந்து எழுதிய ரெண்டு பேருக்கும் யோசனையும் ஒன்றாகிவிடும்.

அந்தியூர்க்காரன்:
கீபோர்டை ஜூனியரிடம் கொடுங்க. சீனியரின் புல் ரிக்வெஸ்டில் மட்டும் அவர் வாய் திறக்கிறாராக்கும்?

பனியன் கோடர்:
அது உண்மைதாங்க, எங்களிடமும் திறப்பதில்லை. 1976-ல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் எழுதிய கோட் ஆய்வு முறையில் ஆளுக்கொரு பொறுப்பு கொடுத்து, முன்கூட்டியே படித்துவந்து, கூட்டம் போட்டுப் பார்ப்பார்கள். நமக்கு அதற்கு ஏது நேரம்? கூகுள் வெளியிட்ட வழிகாட்டி சொல்வது எளிது: மாற்றம் சின்னதாக இருக்கட்டும், அதிகபட்சம் ஒரு வேலை நாளுக்குள் பதில் வரட்டும். எங்களிடம் ஆயிரம் வரி கோட் மொத்தமாக வருகிறது, யார் படிப்பார்? அதனால் ஜிஎஸ்டி, ஸ்டாக் கணக்கு என்றால் அந்த விஷயம் தெரிந்த ஒருத்தர் கட்டாயம். இடைவெளி, ஃபார்மேட் சண்டையெல்லாம் லின்டர் (கோடைத் தானாகச் சரிபார்க்கும் மென்பொருள்) பார்த்துக்கொள்ளட்டும். ஸ்கிரீன் மாற்றங்களை மெர்ஜ் செய்துவிட்டு அப்புறம் பார்க்கலாம். சரிதானுங்களா?

நொய்யல்கரை:
ஸ்கிரீன் என்றால் இன்வாய்ஸ் பிரின்டும் சேர்த்தியா? டிசைன் மாற்றுகிறேன் என்று ஹெச்எஸ்என் (பொருளின் வகை எண்) கட்டத்தை மறைத்துவிட்டால் ஆடிட்டர் போன் உங்களுக்குத்தான் வரும்.

அந்தியூர்க்காரன்:
இதில் அண்ணா கட்சிதான் நான். ஆனால் ரெண்டு பேர் வேண்டாம், ஒருத்தர் போதும்.

பனியன் கோடர்:
பிரின்ட் ஃபோல்டரையும் கோட் ஓனர்ஸ் ஃபைலில் (எந்தக் கோடுக்கு யார் அப்ரூவல் வேண்டும் என்ற பட்டியல்) சேர்த்துவிடுகிறேன். பேர் புரோகிராமிங், புதிதாகச் சேர்ந்தவர்களோடு மட்டும். ரெண்டாவது அப்ரூவலை எடுக்க மேனேஜரிடம் இனிமேல்தான் பேசணுங்க.