அப்டேட்: அம்புக்கு இறகு கருக்குற சூட்டுக்கம்பி ரெடி

போன தடவ கேட்டிருந்தேன்ல, அம்புல ஒட்டுன மூணு இறகையும் கத்தரிக்கோலால வெட்டுனா ஒண்ணுக்கொண்ணு பொருந்த மாட்டேங்குது, சூட்டுக்கம்பி வச்சா சரியா வருமான்னு. வருதுண்ணே, சூப்பரா வருது.

டவுன்ஹால் ரோட்டுல நைக்ரோம் கம்பியும் (ஹீட்டர்ல கரண்டு பாஞ்சா செவக்குமே, அந்தக் கம்பி), 230 வோல்ட்ட சில வோல்ட்டா குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கினேன். கம்பிய நமக்கு வேணுங்கிற வளைவுக்கு வளைச்சு ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டு முறுக்கிட்டு, அம்ப ரெண்டு தாங்கிக்கு நடுவுல படுக்க வச்சு உருட்டணும், அம்புதான் சுத்தணும் கம்பி அசையவே கூடாது, அப்பத்தான் மூணும் ஒரே அச்சா வரும். கம்பி நல்லா செவக்கட்டும். சூடு பத்தலைன்னா இறகு கம்பில ஒட்டி இழுபடும், மெதுவா உருட்டுனா ஓரம் சுருங்கிப் போயிரும், அதனால நிக்காம ஒரே சீரா ஒரு சுத்து. கருகுன ஓரத்த வெரலால தேய்ச்சா உதிர்ந்துரும்.

கம்பிய நேரா பிளக்ல சொருகுனா என்னன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல, வேணாம் ராசா, ஆளக் கொன்னுரும்.

இறகு மேலூர் பக்கம் வான்கோழி வளர்க்கிறவர்ட்ட வாங்குனது, ஒரே அம்புக்கு எல்லாமே எடது றெக்கை இல்லைன்னா எல்லாமே வலது, கலக்கக் கூடாது. இறகுக்குப் பதிலா ஒட்டுற பிளாஸ்டிக் வேன்ல (vane) இத ட்ரை பண்ணாதீங்க, உருகி நாசமாயிரும்.

நாத்தம்தான் தாங்கல, முடி பொசுங்குன மாதிரியே. அம்மா மொட்டமாடிக்கு வெரட்டி விட்டாங்க, ஆனா அங்க காத்தடிச்சா கம்பி ஆறிருது, மறைப்புக்கு ஒரு தகரம் தேடிட்டு இருக்கேன்.