வால்யூமைக் குறைத்தும் குரல் கரகரக்கிறதே, ஏன்?

நேயர்முகம்:
வானொலிக்கான 20 நிமிட நேர்காணல். விருந்தினர் சிரிக்கும் இடங்களிலும் குரலை உயர்த்தும் இடங்களிலும் ஒலி கரகரக்கிறது. எடிட்டிங்கில் வால்யூமைக் குறைத்தாலும் போகவில்லை. இன்னொன்று, 'ஆ...', 'ம்...' வெட்டிய இடங்களில் ஒலி சட்டென்று செத்துவிடுகிறது. கெயின், ஹெட்ரூம், ரூம் டோன் என்கிறார்களே, எது எதற்கு?

மிக்சர்மேசை:
கரகரப்பு என்பது கிளிப்பிங். மைக்கிலிருந்து வரும் சிக்னலை எவ்வளவு பெருக்கிப் பதிவுக்குள் விடுகிறோம் என்பது கெயின். பதிந்ததை எவ்வளவு சத்தமாகக் கேட்கிறோம் என்பது வால்யூம். டிஜிட்டலில் 0 டெசிபல்தான் கூரை. அதைத் தாண்டும் அலையின் முகடு தட்டையாக வெட்டுப்பட்டுவிடும். பிறகு வால்யூமைக் குறைத்தால் தட்டை முகடு சிறிதாகுமே தவிர, போன வளைவு திரும்பாது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அப்பட்டமாகத் தெரியும்.

கூரைக்குக் கீழே விட்டுவைக்கும் இடம்தான் ஹெட்ரூம். சாதாரணப் பேச்சு -18 டெசிபல் வாக்கிலும் உச்சங்கள் -12 முதல் -6 வரையிலும் நின்றால் போதும். லெவல் பார்க்க "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லச் சொல்லாதீர்கள், எல்லோரும் அடக்கி வாசிப்பார்கள். அவருக்குப் பிடித்த விஷயத்தைக் கேளுங்கள்; குரல் தானாக ஏறும், அப்போது கெயினை வையுங்கள். ரெக்கார்டரை 24 பிட் தரத்தில் வைத்துப் பதிந்தால் லெவல் சற்றுக் குறைந்தாலும் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

காதுகொடு:
மீட்டர் -10 காட்டியும் கரகரத்தால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. மிக்சரின் லைன் அவுட்டை, அதாவது ஏற்கெனவே பெருக்கிய சிக்னலை, ரெக்கார்டரின் மைக் இன்புட்டில் செருகினால் மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் திணறும். லைன் இன்புட்டுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் சிக்னலைத் தணிக்கும் பேட் சுவிட்சைப் போடுங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்கை மிக நெருக்கினால் பேஸ் (தாழ்ந்த ஒலி) வீங்கும், 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதும். நேரே வைக்காமல் சற்று ஓரமாகத் திருப்பி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலியைக் குறைக்கும் லோ-கட் போடுங்கள்.

வெட்டுஒட்டு:
இரண்டாவது பிரச்சினைக்கு வருகிறேன். யாரும் பேசாதபோதும் அறைக்கு ஓர் ஒலி உண்டு: மின்விசிறி, ஏசி, வெளித்தெரு. அதுதான் ரூம் டோன். வெட்டிய இடத்தில் வெறும் மௌனத்தை வைத்தால் அங்கே ஒலியில் பள்ளம் விழுந்துவிடும். நேர்காணல் முடிந்ததும் யாரும் எழுவதற்கு முன், அதே மைக், அதே இடம், அதே கெயினில் ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். விசிறியை அணைத்துவிட்டுப் பதிந்தால் ஒட்டாது. இடைவெளியை அதனால் நிரப்பி, இரு முனைகளிலும் 10-20 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேடு (ஒரு ஒலி மங்க மற்றது எழுவது) கொடுங்கள். மூச்சை மட்டும் பாதியில் வெட்டாதீர்கள், எந்த ஃபேடும் அதை மறைக்காது.

நேயர்முகம்:
கையிலிருக்கும் பதிவைக் காப்பாற்ற முடியுமா? ரூம் டோன் எடுக்கவில்லை.

வெட்டுஒட்டு:
கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவர் யோசிக்கும் நொடிகளைத் தேடுங்கள். மூச்சில்லாத இரண்டு நொடி கிடைத்தாலும் போதும். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும், இரண்டு மூன்று துண்டுகளை மாற்றிப் போடுங்கள்.

மிக்சர்மேசை:
டீ-கிளிப் கருவி குறுகிய முகடுகளை ஊகித்து வரைந்துகொடுக்கும், சிரிப்புகள் தப்பலாம். வாக்கியம் முழுக்கக் கிளிப் ஆகியிருந்தால் அந்தக் கேள்வியை மட்டும் அதே அறையில் மறுபடி பதியுங்கள்.