பாட்டு அடிக்கும்போது ஹெட்லைட் மங்குதா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோவை_ஊஃபர்

முதல்ல என் கதை. செகண்ட் ஹேண்டில் எடுத்த ஹேட்ச்பேக், டைனமோ (இன்ஜின் ஓடும்போது கரன்ட் தர்றது) 75 ஆம்பியர். டிக்கியில பாஸ் சத்தத்துக்குன்னு ஒரு 12 இன்ச் ஊஃபர் ஸ்பீக்கர், அதுக்கு ஒரு மோனோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). மாட்டின முதல் வாரம் சொர்க்கம். அப்புறம் ஒரு மழை ராத்திரி சேலத்துல இருந்து திரும்புறேன். ஏசி, வைப்பர், ஹெட்லைட் எல்லாம் ஓடுது. பாஸ் விழுற ஒவ்வொரு அடிக்கும் ரோட்டுல வெளிச்சம் கண்ணு சிமிட்டுது. எதிர்ல வந்த லாரிக்காரர் நான் டிப்பர் அடிக்கிறேன்னு நினைச்சு அவரும் பதிலுக்கு அடிச்சார்!

மறுநாள் காலையில செல்ஃப் எடுக்கலை. டக் டக்னு ரிலே சத்தம் மட்டும்தான். பேட்டரி வீக்குன்னாங்க, மாத்தினேன். நாலு மாசத்துல அதுவும் படுத்துடுச்சு. இன்னும் பெரிய பேட்டரி போடுங்கன்னாங்க. அப்பதான் எனக்குக் கோவம் வந்து, சொந்தமா வோல்ட் பார்க்க ஒரு மல்டிமீட்டரும் ஆம்பியர் பார்க்க ஒரு கிளாம்ப் மீட்டரும் வாங்கினேன்.

இன்ஜினை 2000 ஆர்பிஎம்ல வச்சு, 40 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஓடவிட்டு அளந்தேன். ஆம்ப் இழுத்தது 60 ஆம்பியர். பேட்டரி முனையில 13.4 வோல்ட், ஆம்ப் முனையில 11.3. நடுவுல 2.1 வோல்ட்டைக் காணோம். மீட்டரோட ஒரு முனையை பேட்டரி பிளஸ்லயும் இன்னொன்னை ஆம்ப் பிளஸ்லயும் வச்சா 1.3 காட்டுது. அதாவது 78 வாட் வெறும் வயர்ல சூடாப் போகுது. கார்பெட்டுக்கு அடியில ஒரு குண்டு பல்பை எரியவிட்டுட்டு ஓட்டிட்டிருந்திருக்கேன்.

மீதி 0.8 வோல்ட் பாடி எர்த்ல, அதாவது வண்டித் தகரம் வழியா கரன்ட் பேட்டரிக்குத் திரும்புற பாதையில. டிக்கி தரையில பெயின்ட் மேலயே ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு எர்த் வயரை இறுக்கியிருந்தாங்க. ஸ்க்ரூ தலையில விரல் வச்சேன், பொசுக்குனு சுட்டுது. வயர் கிட் அட்டையில 8 கேஜ் (கம்பி தடிமன்), 1500 வாட்னு போட்டிருந்துச்சு. வெட்டிப் பார்த்தா தடியா இருக்குறது பிளாஸ்டிக் மட்டும்தான், உள்ள கம்பி ஒல்லி. பிளேடால சுரண்டினா செம்புக்கு அடியில வெள்ளையா அலுமினியம்.

மாத்தினது இவ்வளவுதான்: பேட்டரியில இருந்து டிக்கி வரைக்கும் 25 ஸ்கொயர் எம்எம் முழு செம்பு கேபிள். எர்த்துக்கும் அதே தடிமன், பெயின்ட்டைச் சுரண்டி பளபளன்னு தகரம் தெரிஞ்ச இடத்துல போல்ட் போட்டு. சீட் பெல்ட் போல்ட்டுல மட்டும் கட்டாதீங்க, அதை எதுக்கும் தொடக்கூடாது. பானட்டுக்குள்ளயும் மூணு வயர்: டைனமோ பிளஸ்ல இருந்து பேட்டரி பிளஸ், பேட்டரி மைனஸ்ல இருந்து பாடி, இன்ஜின்ல இருந்து பாடி. கம்பெனி வயரைக் கழட்டலை, கூடவே ஒண்ணு போட்டேன். டைனமோ பக்கம் போற புது வயருக்கும் ஃபியூஸ் உண்டு.

இப்ப அதே டோன்ல, பேட்டரியில 13.4 இருக்கும்போது ஆம்ப்ல 13.0. பேட்டரி அதேதான், டைனமோ அதேதான்.

தாம்பரம்_டெசிபல்

கெபாசிட்டர் (கரன்ட்டைக் கொஞ்சம் சேர்த்து வச்சு டக்னு குடுக்குறது) போட்டுப் பார்க்கலையா ப்ரோ? கடையில முதல்ல அதைத்தானே தலையில கட்டுவாங்க. எனக்கும் கட்டினாங்க. 1 ஃபாரட், நீல லைட்டுல வோல்ட் காட்டும், பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் கணக்குப் போட்டேன். 14 வோல்ட்ல இருந்து 12க்கு இறங்குறப்போ 1 ஃபாரட் கெபாசிட்டர் குடுக்குறது 26 ஜூல். ஆம்ப் 1000 வாட் இழுத்தா அது ஒரு செகண்டுல கிட்டத்தட்ட நாப்பதுல ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும். கிக் டிரம் ஒரு அடி அடிச்சு முடியறதுக்குள்ள காலி. காலியான கெபாசிட்டரை மறுபடி நிரப்புறதும் அதே டைனமோதான். லைட் மினுக்குறது கொஞ்சம் குறையலாம், மத்தபடி பற்றாக்குறை அப்படியேதான் இருக்கும்.

மாட்டும்போது, கரன்ட்டை மெதுவா ஏத்துற ரெசிஸ்டர் இல்லாம நேரா பிளஸ்ல தொட்டாங்க. பளீர்னு ஒரு வெட்டு, வயர் நுனியில இருக்குற லக்கோட முனை கருகிப்போச்சு. இப்ப அது என் அலமாரியில ஷோ பீஸ்.

திண்டுக்கல்_12வி

வாட் விஷயத்துல ஒரு குறுக்கு வழி சொல்றேன். பெட்டியில 3000 வாட்னு போட்டிருந்தா நம்பாதீங்க, ஆம்ப் பின்னாடி இருக்குற ஃபியூஸைப் பாருங்க. ரெண்டு 30 ஆம்பியர் இருந்தா மொத்தம் 60. 60ஐ 13.8ஆல பெருக்கினா 828. கரன்ட்டை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப்னா அதுல எண்பது சதவீதம்னு வச்சுக்குங்க, 660 வாட் சொச்சம். கிளாஸ் ஏபி வகைன்னா இன்னும் கம்மி. நான் 3000ஐ நம்பி டைனமோவை மாத்தலாம்னு சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளுக்குப் போய் அலைஞ்சவன்.

கரூர்_எலக்ட்ரீசியன்

கார்க்காரங்க பேசுறீங்க, நான் பஸ் கதை சொல்றேனுங்க. டூரிஸ்ட் பஸ் 24 வோல்ட், ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரீஸ்ல, அதாவது ஒண்ணோட ஒண்ணு தொடரா. ஓனர் ஒருத்தர் வந்து, "மூணு மாசத்துக்கு ஒரு பேட்டரி போகுதுங்க, அதுவும் ஒரே பக்கந்தான் போகுது, டூப்ளிகேட்டைக் குடுத்துட்டாங்க"ன்னு ஒரே புலம்பல்.

மூடியைத் திறந்ததுமே அழுகின முட்டை நாத்தம். மேல் பேட்டரி கொதிச்சுக் கெடக்கு, தண்ணி பிளேட்டுக்குக் கீழ போயிருச்சு. மீட்டர் வச்சா மேல 15.7, கீழ 12.3. கூட்டினா 28. டைனமோவுக்கு கூட்டுத்தொகைதானுங்க தெரியும், 28 வந்துருச்சா, அது பாட்டுக்கு நிம்மதியா இருக்கும். பாட்டு செட்டு போட்டவர் எல்லா ஆம்ப்பையும் கீழ் பேட்டரியில மட்டும் கட்டியிருக்கார். கீழ இருக்கறது பட்டினி, மேல இருக்கறது அஜீரணம்.

24ஐ 12ஆக்குற கன்வெர்ட்டர் ரெண்டு போட்டு ஆம்ப்பைப் பிரிச்சு விட்டேன். ரெண்டு பேட்டரியையும் சமமா வைக்கிற பேட்டரி ஈக்வலைசர் போடுறவங்களும் உண்டு. டிரைவர் தம்பி மட்டும் "அண்ணா, பழைய கிக்கு இல்லைங்ணா"ன்னு இன்னும் சொல்லிட்டிருக்கான். கன்வெர்ட்டர் தர்ற ஆம்பியருக்கு மேல போகாதுங்களே, என்ன பண்றது.

மதுரை_கிளட்ச்

புது வண்டி வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணுண்ணே. என் வண்டியில பேட்டரி மைனஸ் கிளாம்ப்புலயே சின்னதா ஒரு சென்சார் இருக்கு. பேட்டரிக்கு எவ்வளவு போகுது, எவ்வளவு வருதுன்னு அதுதான் கணக்கு வைக்கும். ஆம்ப் எர்த்தை நேரா பேட்டரி மைனஸ் முனையில மாட்டிட்டாங்க. ஆம்ப் குடிக்கிற கரன்ட் சென்சார் கணக்குலயே வரலை. சிக்னல்ல தானா ஆஃப் ஆகுற இன்ஜின் ஆஃப் ஆகுறதையே மறந்துருச்சு. எர்த்தை சென்சாருக்கு அந்தப்பக்கம், பாடியில மாட்டின பிறகு ரெண்டு நாள்ல சரியாச்சு.

இன்னொண்ணு, இந்த வண்டிகள்ல டைனமோ எப்பவும் 14 தராது. ரோட்டுல சீரா போகும்போது 12.6க்குக்கூட இறங்கும். டைனமோ செத்துருச்சுன்னு பதறாதீங்க, டீசல் மிச்சம் பிடிக்க கம்பெனியே வச்ச ஏற்பாடு அது.

பெரம்பலூர்_பைபாஸ்

இதை எழுத யோசிச்சேன், ஆனா எழுதணும். மச்சான் வண்டி. ஃபியூஸ் இருந்துச்சு, ஆனா டிக்கியில, ஆம்ப் பக்கத்துல. பேட்டரிகிட்ட ஒண்ணும் இல்லை. பானட்டுல இருந்து உள்ள வர்ற தகர ஓட்டையில ரப்பர் புஷ்ஷும் போடலை. ஆறு மாசமா வயர் அந்த விளிம்புல உரசி உரசி, ஒருநாள் தோல் கிழிஞ்சு பாடியில தொட்டுடுச்சு. டேஷ்போர்டுக்கு அடியில இருந்து புகை. நான் இறங்கி பானட்டைத் தூக்குறேன், 10 நம்பர் ஸ்பானர் கையில நிக்கலை, அவ்வளவு நடுக்கம். டெர்மினலைக் கழட்டினப்போ சிவப்பு வயரோட தோல் உருகி பேட்டரி ட்ரே மேல சொட்டிட்டிருந்துச்சு.

ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாத்த இல்லைங்க, வயரைக் காப்பாத்த. பேட்டரியில இருந்து 45 செ.மீ.க்குள்ள இருக்கணும். வயர் தாங்குற அளவுக்குத்தான் ஃபியூஸ், ஆம்ப் கேக்குற அளவுக்கு இல்லை.

கோவை_ஊஃபர்

பெரம்பலூர் அண்ணா, படிச்சதும் கீழ போய் பானட்டைத் திறந்து பார்த்துட்டு வந்துதான் இதை எழுதுறேன். ஃபியூஸ் இருக்கு, புஷ்ஷும் இருக்கு.

சரியாகாத ஒரு விஷயத்தையும் சொல்லிடறேன். வண்டி ஓடும்போது பிரச்சனை இல்லை. நின்னா இருக்கு. ஐடில்ல டைனமோ எழுதின 75ஐத் தராது, பாதி தந்தாலே பெரிசு. ஏசி ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து அதையும் தின்னுடும். லட்சுமி மில்ஸ் சிக்னல்ல நிக்கும்போது மீட்டர்ல 12.4 பார்த்திருக்கேன். பேட்டரியிலதான் கடன் வாங்கி ஓடுது. பெரிய டைனமோ போடுறதா, வேண்டாமான்னு இன்னும் யோசனை. அதுவரைக்கும் சிவப்பு விழுந்ததும் பாஸ் நாபைக் குறைக்கிறேன், பச்சை விழுந்ததும் ஏத்துறேன். பக்கத்து சீட்டுல உக்காரும்போது இப்ப என் பொண்ணே குறைச்சிடறா.