உளுந்து வேரில் முடிச்சு: நூற்புழுவா, நல்ல முடிச்சா?

செம்மண்காடு: வணக்கம். திண்டிவனம் பக்கம், செம்மண், கிணத்துப் பாசனம். ஒரு ஏக்கர்ல வம்பன் 8 உளுந்து, வயசு 28 நாள். அடியிலைகள் வெளிறி மஞ்சளாகுது. களையோட ஒரு செடியைப் பிடுங்கினா வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு. போன பட்டத்துல இதே நிலத்துல கத்தரி போட்டு, வேருக்குள்ள புகுந்து வீங்க வைக்கிற நூற்புழு வந்துச்சு. அதனால பக்கத்து வயல்காரர் குருணை மருந்து போடச் சொல்றார். போடலாமா?

மேலத்தெரு விவசாயி: மஞ்சள் தேமல் வைரஸ் நோயா இருக்கும் தம்பி. செடியைப் பிடுங்கிப் போடு.

பயறுக்காரன்: தேமல்னா இளம் இலையில திட்டுத் திட்டா பளிச்சுனு மஞ்சள் தெரியும். வம்பன் 8 அதைத் தாங்குற ரகமும்கூட. அடியிலை சீரா வெளிறினா தழைச்சத்துக் குறை.

குருணையை அப்புறம் பாப்போம். முதல்ல செடியைப் பிடுங்காம, களைக்கொத்தால ஒரு சாண் ஆழம் மண்ணோட தோண்டி எடுங்க. பிடுங்கினா நல்ல முடிச்செல்லாம் மண்ணுலயே அறுந்து தங்கிடும். வேரைத் தண்ணியில அலசி, முடிச்சை விரலால தள்ளிப் பாருங்க. ரைசோபியம்ங்கிறது காற்றுல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சுச் செடிக்குத் தர்ற நல்ல பாக்டீரியா. அது கட்டுற முடிச்சு வேரோட பக்கவாட்டுல மணி மாதிரி ஒட்டியிருக்கும், சுலபமா உதிரும். நூற்புழு தாக்கினா வேரே வீங்கியிருக்கும், தனியா உதிராது.

உதிர்ந்தா பிளேடால நறுக்கி உள்ளே என்ன நிறம்னு சொல்லுங்க. வேலை செய்யிற முடிச்சு இளஞ்சிவப்பா இருக்கும். காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கிற நொதி ஆக்சிஜன் பட்டா கெட்டுப்போகும். அதனால முடிச்சுக்குள்ள ஆக்சிஜனைக் கட்டி வச்சு அளந்து விட ஒரு சிவப்புப் புரதம் இருக்கு, லெக்ஹீமோகுளோபின். நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினுக்கு உறவுதான். அந்த நிறம் இல்லேன்னா வேலை நடக்கலைன்னு அர்த்தம்.

செம்மண்காடு: வயல்ல பல இடத்துல தோண்டிப் பாத்தேன் அண்ணா. எல்லாம் உதிருது. ஆனா உள்ளே வெள்ளைதான், சிவப்பே இல்லை. எல்லாம் கடுகு அளவு, பக்கவேர்கள்ல சிதறிக் கிடக்கு. ஆணிவேர் மேல்பக்கம் ஒண்ணும் இல்லை. தண்ணி தேங்கலை. விதைக்கு ரைசோபியம் கலந்துதான் விதைச்சேன்.

பயறுக்காரன்: அப்ப நூற்புழு இல்லை, குருணை வேணாம். விதை எந்த நிறத்துல வந்துச்சு?

செம்மண்காடு: பாக்கெட் விதை, ரோஸ் சாயம் பூசினது.

பயறுக்காரன்: அங்கதான் சிக்கல்னு நினைக்கிறேன். அந்தச் சாயத்தோட பூஞ்சாணக் கொல்லியும் சேர்ந்திருக்கும். அதுல திராம் மாதிரி மருந்து இருந்தா மேல பூசின பாக்டீரியா செத்திருக்கும். பிறகு மண்ணுல ஏற்கெனவே கிடந்த சோம்பேறி இனம் வேருக்குள்ள புகுந்து முடிச்சு மட்டும் கட்டியிருக்கு. சின்னதா, நிறைய, சிதறி, வெள்ளையா இருந்தா பெரும்பாலும் அந்தக் கதைதான். நல்ல இனம்னா ஆணிவேர் மேல்பகுதியில கொஞ்சமா, பெருசா கட்டும்.

மேலத்தெரு விவசாயி: பயறுக்கு யூரியா போட்டா முடிச்சு கெட்டுடும்னு சொல்வாங்களே, அப்ப யூரியாவும் கூடாதா?

பயறுக்காரன்: நல்ல முடிச்சு இருக்கிற வயலுக்கு அது சரி ஐயா. யூரியா மண்ணுல நைட்ரேட்டா மாறும், அது இருந்தா செடி முடிச்சுக்குச் சர்க்கரை செலவு பண்ணாது. இங்க கெடுக்கிறதுக்கு வேலை செய்யிற முடிச்சே இல்லையே. அதனால யூரியா போடலாம், ஏக்கருக்கு 10 கிலோ, ஈரத்துல தூவினா போதும். இந்த வயசுல ரைசோபியம் ஊத்திப் பெரிய பலன் இருக்காது.

அடுத்த முறை மருந்து பூசாத விதை கேளுங்க. கிடைக்கலேன்னா விதையில கலக்காம, ஏக்கருக்கு 200 கிராம் பொட்டலம் 4 எடுத்து, தொழுவுரம், மணலோட கலந்து விதைக்கும் முன்னாடி நிலத்துல போடுங்க. பொட்டலத்துல காலாவதித் தேதி பாருங்க, வெயில்ல வைக்காதீங்க.

செம்மண்காடு: சரிங்க அண்ணா. டிஏபி உரக் கரைசல் தெளிக்கிறது எப்போ, எப்படி?

பயறுக்காரன்: பூ எடுக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழிச்சு இன்னொருமுறை. ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை 10 லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறவைங்க. காலையில தெளிஞ்சதை மட்டும் வடிகட்டி 200 லிட்டராக்கி, சாயங்காலம் அடிங்க. வண்டலை ஊத்தினா நாசில் அடைச்சுக்கும்.