பெண்களுக்கான உறைவிடப் பள்ளிகள் எப்போது தொடங்கின?

பாம்பன் வாசகி:
எங்கள் கடலோர ஊரில் பெண் பிள்ளைகளுக்கென ஓர் உண்டு உறைவிடப் பள்ளி கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். தாய்மார் பலர் விடியுமுன்பே தீவுகளுக்கு மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போய்விடுவதால், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள மூத்த மகளே பள்ளியை விட்டு நிற்க வேண்டியிருக்கிறது. ஆயினும், பெண்ணை விடுதியில் விட்டுப் படிக்கவைப்பது நேற்று வந்த பழக்கம் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் தயங்குகிறார்கள். இப்பள்ளிகளின் வரலாறு தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

நாகர்கோவில் நண்பர்:
சகோதரி, அது ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழக்கம். லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் நடத்திய விடுதிப் பள்ளியில் எழுத்துடன் லேஸ் பின்னலும் கற்றுத்தந்தார்கள். அதை வெறும் கைவேலை என்று தள்ளிவிட முடியாது. திருவிதாங்கூரில் 1855 வரை அடிமைமுறை சட்டப்படி நீடித்திருக்க, அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டே தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினர். மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அங்கும் பெண்களுக்கு விடுதிப் பள்ளியும் லேஸும் வந்தன. சமயம் பரப்பும் நோக்கமும் அவர்களுக்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மண்டபம் ஆசிரியர்:
மனுவுக்குப் பயன்படக்கூடியது அரசின் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா திட்டம். கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களுக்காக 2004-இல் தொடங்கிய அதில் 75 விழுக்காடு இடங்கள் பட்டியலினம், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் வீட்டுப் பெண்களுக்கும், மீதி வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துப் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டன. தொடக்கத்தில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது என்பதே அதன் பெருங்குறை என்பேன். பதின்மூன்று, பதினான்கு வயதில் வீடு திரும்பும் பெண்ணுக்கு நம் பக்கத்தில் காத்திருப்பது நண்டுக் கம்பெனி வேலை அல்லது கல்யாணப் பேச்சு. 2018-இல் சமக்ர சிக்ஷா என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வந்தபின் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வழி பிறந்தது. ஆகவே மனுவில் பன்னிரண்டு வரை என்றே கேளுங்கள்.

தொண்டி வாசகர்:
ஆசிரியர் ஐயா சொல்வது சரி. ஆனால் எங்கள் தெருத் தாய்மார் முதலில் கேட்பது வகுப்பை அன்று; இரவில் விடுதியிலேயே தங்கும் பெண் காப்பாளர் உண்டா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, நினைத்த நேரத்தில் மகளுடன் போனில் பேச விடுவார்களா என்பவற்றைத்தான். இம்மூன்றையும் மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால், பெரியவர்களின் தயக்கமும் பாதி குறையும்.