பதின்மூன்றா, பதினொன்றா?

குழு: நம்ம வீட்டு ஆட்கள்
சனிக்கிழமை

டெக்சாஸ் அத்தை, காலை 8:47
அண்ணா, இங்கே வெள்ளி இரவு ஆட்டம் இப்போதுதான் முடிந்தது. நம் பையன் பள்ளி 24-17 என்று ஜெயித்துவிட்டது. இவனுக்கு 13 டாக்கிள் என்று மைக்கில் சொன்னார்கள்.

அப்பா, 8:49
சபாஷ்! பதின்மூன்று பேரைச் சாய்த்தானா?

சித்தப்பா, 8:50
அக்கா, எனக்கு ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பதுதான் தெரியும். இதில் யாரைச் சாய்ப்பது?

நான், 8:52
சித்தப்பா, இது அமெரிக்க ஃபுட்பால். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஓடுகிறவனைப் பிடித்துக் கீழே தள்ளினால் அந்த ஓட்டம் அங்கேயே நிற்கும். அதுதான் டாக்கிள். தம்பி தடுக்கிற பக்கத்தில் நடு லைன்பேக்கர், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்பவன்.

அப்பா, 8:53
கபடியில் ரைடரை அமுக்குவது மாதிரி. பாடிக்கொண்டு வரமாட்டான், அவ்வளவுதான்.

டெக்சாஸ் அத்தை, 8:58
13 என்பதை இப்போதைக்கு யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்த எண்ணிக்கைக்கு நான்தான் பொறுப்பு. இந்த வருஷம் மைதானத்துக்கு மேலே இருக்கும் பிரஸ் பாக்ஸ் அறையில் பைனாகுலரோடு உட்கார்ந்து, யார் பிடித்தது என்று சட்டை எண்ணைச் சொல்வது என் வேலை. பக்கத்தில் இன்னொரு பையனின் அப்பா தாளில் கோடு போடுவார். மூன்றாவது குவார்ட்டரில் நாலைந்து பேர் குவியலாக விழுந்தார்கள். எழுந்தவனின் சட்டையில் முதல் 4 தெரிந்தது, அடுத்த இலக்கம் மடிப்புக்குள் போய்விட்டது. நம் பையன் 44. நான் 44 என்று சொல்லிவிட்டேன். இதே மாதிரி இரண்டு தடவை. அது 41-ஆக இருக்குமோ என்று அப்போதிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. ஆட்ட வீடியோ ஹட்ல் என்ற தளத்தில் ஏறியதும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அம்மா, 9:03
எண்ணிக்கை கிடக்கட்டும் மா. பிள்ளையின் தலை எப்படி இருக்கிறது? போன மாதம் நடந்ததில் இருந்து வெள்ளிக்கிழமை என்றாலே எனக்குத் தூக்கம் இல்லை.

டெக்சாஸ் அத்தை, 9:09
நன்றாக இருக்கிறான் அண்ணி. அன்றைக்கு அவன் எழுந்திருக்கும்போது ஒரே ஒரு நொடி தடுமாறினான். மேலே இருந்த எனக்கே தெரியவில்லை. பள்ளியில் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் ட்ரெய்னர் பார்த்துவிட்டார். ஓடி வந்து அவர் முதலில் செய்த காரியம், இவன் ஹெல்மெட்டை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டது. ஹெல்மெட் கையில் இல்லை என்றால் பையன் கண்ணுக்குத் தப்பி உள்ளே ஓட முடியாது அல்லவா? டெக்சாஸில் 2011-இல் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். தலைக்குள் அடி என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது. இரண்டு ஆட்டம் போனது. இவன் அழுதான். நான் அந்த ட்ரெய்னருக்கு ஒரு டப்பா முறுக்கு சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மா, 9:10
இன்னொரு டப்பா என் பேரைச் சொல்லிக் கொடு.

அப்பா, 9:14
பாப்பா, அவனிடம் ஒன்று கேள். பிடிக்கும்போது எங்கே பார்க்கிறான்? நான் பள்ளியில் லெஃப்ட் கார்னர் ஆடும்போது பி.டி. மாஸ்டர் சொல்வார்: ரைடரின் கண்ணைப் பார்க்காதே, கையைப் பார்க்காதே, இடுப்பைப் பார். கண்ணும் கையும் ஏமாற்றும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான்.

டெக்சாஸ் அத்தை, 9:21
அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறான், நான் டைப் பண்ணுகிறேன். "மாமா, எங்கள் கோச்சும் அதையேதான் சொல்வார், தொப்புளைப் பார் என்பார். முன்பெல்லாம் ஓடுகிறவனுக்கு முன்னால் தலையைக் குறுக்கே கொடுக்கச் சொல்வார்களாம். இப்போது தலை பின்பக்கம் இருக்க வேண்டும். தோளால் தொடையில் இடித்து, இரண்டு கையாலும் காலைக் கட்டி உருட்ட வேண்டும். ரக்பியில் இருந்து வந்த முறை. சியாட்டில் சீஹாக்ஸ் அணி 2014-இல் இதற்கென்று ஒரு வீடியோ போட்டது." அப்புறம், வாரத்துக்கு 90 நிமிடத்துக்கு மேல் முழு மோதலோடு பயிற்சி கூடாது என்று யு.ஐ.எல். 2013-இல் விதி போட்டிருக்கிறது. இங்கே பள்ளி விளையாட்டையெல்லாம் நடத்தும் அமைப்பு அது. அண்ணி, இது உங்களுக்காகச் சொல்கிறேன்.

சரி, தூங்கப் போகிறோம். இங்கே மணி பதினொன்று ஆகப்போகிறது.

டெக்சாஸ் அத்தை, இரவு 9:36
பார்த்துவிட்டேன். மூன்று தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். இரண்டுமே 41-தான். நம் பையன் ஓடி வந்து மேலே விழுந்ததோடு சரி, அவன் விழும் முன்பே ஆள் தரையில் இருக்கிறான். கணக்கு பார்க்கும் கோச்சுக்கு எழுதித் திருத்தச் சொல்லிவிட்டேன். ஆக 11. அதில் தனியாகப் பிடித்த சோலோ 6, இன்னொருவரோடு சேர்ந்து பிடித்த அசிஸ்ட் 5.

சித்தப்பா, 9:40
அடடா. பள்ளி ரெக்கார்டு ஒன்று இருக்கிறது என்றாயே அக்கா, அதற்கு இன்னும் எவ்வளவு?

டெக்சாஸ் அத்தை, 9:52
அதைத்தான் காலையில் இருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். சுவரில் ஒரு எண் பெயின்டில் எழுதியிருக்கிறது. எப்படி எண்ணினார்கள் என்று எழுதவில்லை. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் சில பள்ளிகள் இருவருக்கும் ஒவ்வொன்று போடும், சில பள்ளிகள் அரை அரை போடும். இவன் இந்த சீசனில் சோலோ 44, அசிஸ்ட் 34. ஒரு கணக்கில் 78. இன்னொரு கணக்கில் 61. ஒரே பையன், ஒரே பிடி! மேக்ஸ்பிரெப்ஸ் தளத்தில் பார்ப்பதும் அந்தந்தப் பள்ளிக் கோச்சுகள் ஏற்றுவதுதான். பக்கத்துப் பள்ளிப் பையனுக்கு இவ்வளவு என்று யாராவது சொன்னால், யார் எண்ணினார்கள் என்று நான் கேட்பேன்.

அப்பா, 9:55
நாங்கள் இரண்டு பேர் கை கோத்துச் சங்கிலி போட்டு அமுக்குவோம். புள்ளி டீமுக்குப் போகும். யார் பிடி என்று அந்தக் காலத்தில் யார் எழுதினார்கள்?

நான், 9:58
அத்தை, நடு லைன்பேக்கருக்கு எண்ணிக்கை தானாகவே ஏறும் இல்லையா?

டெக்சாஸ் அத்தை, 10:07
சரியாகச் சொன்னாய் கண்ணு. இடம் வலம் எந்தப் பக்கம் ஓடினாலும் அவன் கைக்கு எட்டும். அவனுக்கு முன்னால் நோஸ் கார்டு என்று ஒரு குண்டுப் பையன் குனிந்து நிற்பான். எதிரணியில் இரண்டு பேரைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்வான். அதனால்தான் நம் பையனுக்கு வழி திறக்கிறது. அந்தப் பையனின் பெயரில் ஆட்டத்துக்கு ஒன்றோ இரண்டோதான் விழும். மேலே உட்கார்ந்து பார்த்தால்தான் இது புரிகிறது. கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டிக்கு டாக்கிள் நிறைய வந்தால் முன்வரிசை உடைந்துவிட்டது என்று அர்த்தம். பந்து எதிரணியிடமே இருந்தால் தோற்கிற டீமுக்குக்கூட எண்ணிக்கை கொட்டும்.

சித்தப்பா, 10:10
நம் மாதிரி ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகள் இதில் பெரிய ஆளாக வந்திருக்கிறார்களா?

டெக்சாஸ் அத்தை, 10:19
வந்திருக்கிறார்கள்டா. டாட் நுயென். இவன் அறைக் கதவில் அவர் படம்தான். அவர் குடும்பம் வியட்நாமில் இருந்து கிளம்பி வந்தது, 1975-இல் அகதி முகாமில் பிறந்தார். டெக்சாஸ் கடற்கரையில் ராக்போர்ட் என்ற ஊரில் வளர்ந்தார், இறால் படகுத் தொழில். லைன்பேக்கருக்கு உயரம் குறைவு என்றார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷத்தில் 517 டாக்கிள், அங்கே அதுதான் ரெக்கார்டு. பிறகு டல்லாஸ் கவ்பாய்ஸில் ஆடினார். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. டாக்கிள் மாதிரியான தடுப்பாட்டக் கணக்கை அதிகாரபூர்வமாகச் சேர்த்ததே 2000-இல்தான். அவர் முடித்தது 1998 சீசன். அப்படியென்றால் அந்த 517-ஐயும் யாரோ ஒருவர் மேலே உட்கார்ந்து சட்டை எண்ணைச் சொல்லிச் சொல்லித்தான் சேர்த்திருப்பார். அவர் ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். நானும் பார்க்க வேண்டும்.

அம்மா, 10:22
இரண்டு குறைந்ததற்குப் பிள்ளை முகம் வாடியதா?

டெக்சாஸ் அத்தை, 10:26
பத்து நிமிஷம் பேசவில்லை அண்ணி. அப்புறம் அவனே வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். 41-இன் அம்மாவுக்கு போன் பண்ணினேன். அந்தப் பையனுக்கு இந்த வருஷம் முழுக்க எழுதியதே 9. இப்போது 11. அவர் இரண்டு தடவை "நிஜமாகவா" என்று கேட்டார். அந்த இரண்டு துண்டையும் வெட்டி அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்பா, 10:28
எனக்கு நம் பையனுடைய ஆறு சோலோவையும் அனுப்பு. பெரிய ஸ்கிரீனில் போட்டுப் பார்க்கிறேன்.

டெக்சாஸ் அத்தை, 10:41
அனுப்பிவிட்டேன் அண்ணா. நான்காவதில் இவன் வழுக்கி, ஒற்றைக் கையால்தான் பிடிக்கிறான்.

அப்பா, 11:02
பார்த்தேன். வழுக்கவில்லை. காலை ஒரு எட்டு முன்னாலேயே ஊன்றிவிட்டான், அதனால் இடுப்பு திரும்பவில்லை. அவன் எழுந்ததும் என்னைக் கூப்பிடச் சொல், நான் முழித்திருக்கிறேன்.

டெக்சாஸ் அத்தை, 11:03
இங்கே மதியம் ஆகிவிட்டது அண்ணா, அவன் எழுந்து சாப்பிட்டும் ஆயிற்று. இப்போதே போனைக் கொடுக்கிறேன்.